"குறூப்பில் போட்டாச்சு" என்றால் படிப்பித்தாச்சா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்கும், எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்தான். கோபம் முதலில் எங்கள் மீது.

போன தவணையில் ஒரு பிள்ளை வீட்டுவேலை செய்யாமல் வந்தது. எழுப்பி நிறுத்தினோம். மறுநாள் உம்மா வாசலில் வந்து நின்றார். "குறூப்பில போட்டீங்களாம் டீச்சர். ஃபோன் வாப்பாட கையில. அவர் த்ரீவீல் ஓடிட்டு ராவைக்குத்தான் வருவார். அதுக்குள்ள புள்ள தூங்கிட்டான்." எங்களிடம் பதில் இல்லை. கரும்பலகை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இந்தப் பழக்கம் 2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கியது. அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி வட்ஸ்அப். 2021இல் பொஹிதியாவ என்ற கிராமத்தில் சிக்னல் தேடி ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே நடந்து பாறை ஏறிய செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. டேட்டாக் காசு எங்கள் பையிலிருந்துதான் போனது. 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி ஒன்லைனுக்குப் போயின.

அவசரம் முடிந்தது. அவசரப் பழக்கம் முடியவில்லை. செயலட்டையைப் படம் பிடித்துப் போடுகிறோம். இரவு பத்து மணிக்கு அறிவித்தல் போடுகிறோம். பெயரோடு புள்ளிப் பட்டியலையும் போட்டு, ஒரு பிள்ளையின் 23ஐ நாற்பது வீடுகள் பார்க்க வைக்கிறோம். இதற்கு "டிஜிட்டல் கல்வி" என்று பெயர் வேறு!

கருவியில் குற்றமில்லை. அதை விளம்பரப் பலகை ஆக்கியதுதான் குற்றம். பிள்ளைகள் சேர்ந்து செய்வதற்காக வந்த கருவிகளில், நாங்கள் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தரம் 9இல் ஒருமுறை வேறு விதமாகச் செய்து பார்த்தோம். நான்கு பேர் ஒரு குழு. ஒரே கூகுள் டொக்ஸ் ஆவணம். தலைப்பு, "எங்கள் தெரு". காலி வீதித் தொடர்மாடிப் பிள்ளையும் ஜம்பட்டா வீதிப் பிள்ளையும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். தொடக்கம் வகுப்பில், பேச்சில். ஃபோன் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைக் கணினி அறையில் இருபது நிமிடம். தமிழில் தட்டச்சுத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, கூகுளே எழுதியது. பிழை திருத்துவது அவர்கள் பாடு.

கெட்டிக்காரன் ஒருவன் இன்னொருவனின் பந்தியை அழித்துவிட்டான். அந்த ஆவணத்தில் யார் எதை எழுதினார், யார் எதை அழித்தார் என்று பார்க்கலாம். பழையதை மீட்கவும் முடியும். மீட்டோம். "அவன்ட எழுத்த அழிக்க முந்தி அவனிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். அன்று நடந்த பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை மூன்று பந்தி எழுதியிருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

"ஃபோனைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் ஸூம் ரியூசனுக்கு மட்டும் அதே ஃபோனைக் கொடுத்துக் கதவையும் சாத்துகிறீர்களே! நாலு பேரும் ஆசிரியரும் பார்க்கும் பக்கத்தில் எழுதுவதை விடவா அது பாதுகாப்பு?

நன்கொடை தரும் பெரியவர்களுக்கும் ஒன்று. பெயர்ப்பலகை பதித்த ஸ்மார்ட் போர்ட் போதும். ஒரு நாள் திறப்பு விழா, பிறகு துணி போட்டு மூடல். பழுதான கணினிகளைத் திருத்துங்கள், மாதாந்த இணையக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதில் பெயர் பொறிக்க இடமில்லைதான். நன்மை குறையாது.

நாங்கள் செய்ய வேண்டியவை இவை:

வீட்டுவேலை முதலில் கரும்பலகையில், பிறகுதான் குறூப்பில்.

குறூப்பில் பார்க்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் தண்டனை இல்லை.

புள்ளிகள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு அறிவித்தல் இல்லை.

13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பொய்யான பிறந்த ஆண்டு போட்டுக் கணக்குத் திறப்பதில்லை. அதுகள் தாளில் சேர்ந்து எழுதட்டும்.

தவணைக்கு ஒன்றாவது, பிள்ளைகள் சேர்ந்து எழுதும் வேலை.

பிள்ளைகள் எங்களிடம் தரப்பட்ட அமானிதம். "நான் போட்டேன், நீ பார்க்கவில்லை" என்பது நாளை மறுமையில் எடுபடும் பதில் அல்ல. அந்த உம்மாவின் முன்னாலேயே எடுபடவில்லை.

உங்கள் பிள்ளையின் வகுப்புக் குறூப்பில் என்ன நடக்கிறது? கீழே எழுதுங்கள். பாடசாலைப் பெயரோ பிள்ளையின் பெயரோ வேண்டாம்.