எட்டு அடியைப் படிக்காமல் நாலு பக்கம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்குப் போய், அதோடேயே ஓய்வும் பெற்றவன் நான். பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. அதனால் இந்த வயதில் ஆன்லைனில் பி.ஏ. தமிழ் இலக்கியம் சேர்ந்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணும் அதே படிப்பில் என் கூடப் படிக்கிறாள். சங்ககிரி பக்கம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். இவள் தறிக்குப் போகிறாள்.

முதல் அசைன்மென்ட் குறுந்தொகையில் பிரிவு. மொத்தம் 30 மதிப்பெண். இரண்டே நாளில் வாட்ஸ்அப் குரூப்பில் விடை பிடிஎஃப் ஆக வந்துவிட்டது. யார் எழுதியதோ, எந்தச் செயலி எழுதியதோ தெரியாது. குரூப்பில் பாதிப் பேர் அதையே பார்த்து எழுதினார்கள். "தலைவி" என்று வரவேண்டிய ஓரிடத்தில் "தலைவர்" என்றிருந்தது. அந்தத் தப்பையும் சேர்த்தே எழுதினார்கள்.

அவள் மட்டும் பாட்டைப் படித்தாள். பொருள் தேடிப் போன தலைவனைப் பற்றித் தலைவி சொல்வதைப் படித்துவிட்டு, கவுகாத்திக்கு லோடு ஏற்றிப் போன வீட்டுக்காரர் பதினெட்டு நாள் வராததை எழுதினாள். அன்றைக்குக் காடும் மலையும் குறுக்கே நின்றன, இன்றைக்கு செல்போன் இருக்கிறது, ஆனாலும் சிக்னல் இல்லாத அந்த ஒரு ராத்திரி அதே ராத்திரிதான் என்று எழுதியிருந்தாள். நான் படித்தேன். முப்பது வருடம் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத வரி அது.

அவளுக்கு 11. பார்த்து எழுதியவர்களுக்கு 24.

எனக்கும் 24. ஆமாம், மறைத்துப் பிரயோஜனம் இல்லை. பிடிஎஃப்பைத் தொடவில்லையே தவிர, நானும் உரைநூலில் இருந்ததைத்தான் வார்த்தை மாற்றி எழுதினேன்.

"சார், அடுத்த தடவை நானும் குரூப்புல வர்றதையே எழுதிடட்டுங்களா?" என்று கேட்டாள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஆன்லைன் படிப்பே இப்படித்தான், கல்லூரிக்குப் போனால்தான் படிப்பு என்று சில பேர் சொல்வீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா.வை 1880இல் சந்தித்து, இவ்வளவு படித்தீர்களே, பழைய நூல்களைப் படித்தீர்களா என்று கேட்டவர் நம்ம சேலம் இராமசுவாமி முதலியார். சிந்தாமணிக் கைப்பிரதியையும் அவர்தான் கொடுத்தார். அது அச்சாகி வர 1887 ஆயிற்று. ஏழு வருட உழைப்பு. இன்றைக்குச் சங்க நூல்கள் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998இலிருந்து நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. தறி ஓடும் ஊரில் இருக்கும் பெண்ணின் கைக்குக் குறுந்தொகை வந்ததே இணையத்தால்தான். மூலம் கையில் இருந்தும் அதைத் திறக்காமல் விடையைத் திறக்கிறோமே, குற்றம் அங்கே இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள். டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கலாம். அந்த எட்டு அடியைப் படிக்க நேரமில்லாதவருக்கு, நாலு பக்கம் பார்த்து எழுத மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

திருத்துகிறவர்களுக்கும் ஒன்று. ஒரே தப்பு இருபது தாளில் வந்தால் கண்ணில் படாதா? படும். படித்தால் படும். சொந்த வார்த்தைக்கு 11 போடுகிறவர், அடுத்த முறை சொந்தமாக எழுதாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்.

ஆனால் இந்த வழக்கத்தைப் பல்கலைக்கழகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள்தான் விதை போட்டோம். என் வகுப்பில் பொங்கல் விழாக் கட்டுரையை நான் சொல்லச் சொல்ல நாற்பது பேரும் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருடம் ஒரு பையன் மட்டும், தன் வீட்டில் அந்தப் பொங்கலுக்கு மாடு இல்லை, கடனுக்கு விற்றுவிட்டார்கள் என்று எழுதினான். "சொன்னதை எழுதுடா" என்று அடித்துவிட்டேன். தம்பி, நீ இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. அன்றைக்கு உண்மையில் கட்டுரை எழுதியது நீ ஒருவன்தான்.

உங்களில் ஆசிரியர்களாக, பேராசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பாட்டைக் கொடுத்து, இதில் உனக்குப் பட்டது என்ன என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். பிழையோடு எழுதினாலும் சொந்தமாக எழுதியதற்கு மதிப்பெண் போடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்: "உன் மாதிரியே எழுது கண்ணு. இந்தத் தடவை நானும் அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கேன்."

மார்க் வந்ததும் இங்கேயே போடுகிறேன், எத்தனையாக இருந்தாலும்.