நகராத புயலும் நம் கடைச் சரக்கும்



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வருவது வழக்கம். ஜமுனாமரத்தூரிலும் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்களிலும் கடை வைத்திருப்பவர்களில் பலர், "அது கடலூர்க்காரர் கவலை, நமக்கென்ன" என்று கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, உண்மைதான். ஆனால் புயல் மெதுவாக நகர்ந்தால் அந்த நூறு கிலோமீட்டர் நமக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதே நான் சொல்ல வந்தது.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்வோம். அது புயலாகும் என்றார்கள். பிறகு கரையைக் கடக்கும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத்தான் இருக்கும் என்றார்கள். 29ஆம் தேதி பிற்பகல் புயலாகிவிட்டது என்று அறிவித்தார்கள். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போய்விட்டதா என்றால் இல்லை. மறுநாளும் பல மணி நேரம் புதுச்சேரி அருகிலேயே நகராமல் நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அது அமாவாசை நேரம் வேறு. கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீரும் வாய்க்கால் நீரும் முகத்துவாரத்தில் இறங்காது, ஊருக்குள்தான் நிற்கும்.

அதன் பிறகுதான் நம் பக்கக் கதை. புயல் வலுவிழந்து மேற்கே வந்தது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளை மூடி, குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டார்கள். தீபத் திருவிழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. எண்ணெயும் கற்பூரமும் வெல்லமும் கடைகளில் நிரம்பியிருந்த நேரம் அது. நம் மலைக்குத் தென்மேற்கே, கடலையே பார்க்காத ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து அன்று அதிகாலை விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. மேற்கே பெய்த மழை, புயலால் ஏற்கெனவே நனைந்து கிடந்த கடற்கரை ஊர்களை இரண்டாம் முறை அடித்தது.

அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் நீர் உயர்ந்ததால் ரயில்களும் நிறுத்தப்பட்டன. நாம் விற்கும் உப்புக்கு மரக்காணம் உப்பளங்களையும், கருவாட்டுக்குக் கடலூரையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாதை அடைபட்டால், மலைமேல் ஒரு துளி மழை பெய்யாவிட்டாலும் நம் கடையில் சரக்கு குறையும்.

புயலில் இரண்டு வகை உண்டு என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்று காற்றுப் புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே, 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா ஆகியவை அப்படிப்பட்டவை. பலாவையும் முந்திரியையும் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போயின. இன்னொன்று தண்ணீர்ப் புயல். 2008 நவம்பரில் வந்த நிஷா காற்றில் பெரியதல்ல; ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திராவில்தான் கரையேறியது. அதற்கு முன் சென்னைக்கு எதிரே மெல்ல ஊர்ந்து நகரத்தை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா இலங்கை வழியே மெதுவாக வந்தபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை மாவட்டங்களிலேயே மண்சரிவு பெரும் நாசம் செய்தது. மலைவாசிகளான நாம் மறக்கக் கூடாத பாடம் இது.

காரணம் எளிது. ஒழுகும் எண்ணெய் டின்னை ஏற்றிய வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சாலை நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும். ஒரு வாசலில் நின்றுவிட்டால் டின் முழுவதும் அங்கேயே காலி. மேல்காற்று பலமாக இழுத்துச் சென்றால் புயல் ஓடும். இழுப்பு குறைந்தால் நின்றுவிடும். அப்படி நிற்கும் புயலின் போக்கைக் கணிப்பதும் கடினம். அதனால்தான் அறிவிப்பு மாறி மாறி வருகிறது. அறிவிப்பு மாறுகிறது என்றால் அசட்டை செய்யலாம் என்று பொருள் அல்ல; கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றே பொருள்.

ஆகவே வானிலை அறிக்கையில் புயலின் பெயரையும் காற்றின் வேகத்தையும் மட்டும் பார்க்க வேண்டாம். "கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது" என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் பத்துக்குக் கீழே இறங்கினால், "நிலைகொண்டுள்ளது" என்று வந்தால், அதை மழைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் சரக்கு எடுத்தால் முதல் முடங்கும், வட்டி ஏறும் என்று சில்லறைக் கடைக்காரர்கள் சொல்வது நியாயமே. எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி ஆகியவற்றில் ஒரு வாரத் தேவை இருந்தால் போதும். அவை கெடாது, விலையும் போகாது. அந்த ஒரு வாரச் சரக்குக்கு மொத்த வியாபாரிகளாகிய நாம் கார்த்திகை முடியும் வரை கடன் தவணை நீட்டித் தர வேண்டும். மலைக் கடைக்காரர் நின்றால்தான் நம் பாக்கியும் வரும்.

இருப்பு வேறு, பதுக்கல் வேறு. பாதை அடைபட்ட நாளில் மெழுகுவர்த்தியை இரட்டை விலைக்கு விற்கிறவர் அன்றைக்கு நான்கு காசு பார்ப்பார். சாமையும் புளியும் தேனும் கொண்டுவந்து நம்மிடம் போடும் மலை மக்கள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

குடோனில் மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்குங்கள். சுவரோடு ஒட்டவும் வேண்டாம். இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து வெள்ளம், புயல், மண்சரிவு ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். இருப்புப் பதிவேடும் கொள்முதல் பில்களும் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். கணக்கு நனைந்துபோனால் நட்ட ஈடு கேட்பது பெரும்பாடு.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, கடலூர், புதுச்சேரி, திண்டிவனம், திருவண்ணாமலை, போளூர், ஜமுனாமரத்தூர் வணிகர்களிடையே ஒரு தொலைபேசித் தொடர் ஏற்படுத்த வேண்டும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த லோடு எங்கே நிற்கிறது என்று கரையிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கரைக்கும் உடனுக்குடன் தெரிய வேண்டும். இரண்டாவது, போளூர், ஆலங்காயம், அமிர்தி பக்கத்து மலைப்பாதைகளில் ஓரக் கால்வாய்களையும் சிறுபாலங்களையும் ஐப்பசிக்கு முன்பே தூர்வாரும்படி மாவட்ட நிர்வாகத்துக்கு ஆண்டுதோறும் மனுக் கொடுக்க வேண்டும். மழை பிடித்த பிறகு கொடுக்கும் மனுவால் பயன் இல்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.