பேட்டரிக்கும் உண்டு லட்சுமணக் கோடு!

பௌர்ணமி மாலையில் விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையம் கடற்கரையில் நின்றால், கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம். அந்த நிலாவில் நம்ம ரோபோ ஒன்று தூங்குகிறது: சந்திரயான்-3 கொண்டுபோன 26 கிலோ பிரக்யான் ரோவர். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர்தான்.

2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய பிரக்யான், 100 மீட்டருக்கு மேல் ஓடியது. செப்டம்பர் 2-ம் தேதி, சூரியன் மறையும் முன்பே இஸ்ரோ அதை உறங்கவைத்தது. அப்போது பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தது. கருவிகளை அணைத்துவிட்டு, ரிசீவரை மட்டும் விழித்திருக்க விட்டார்கள். 14 நாள் வேலைக்காகவே செய்யப்பட்ட ரோவர், கடுங்குளிர் இரவுக்குப் பிறகு எழவில்லை. ஆனால், சார்ஜ் தீரும்வரை ஓட்டாமல் முன்பே நிறுத்தும் அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கும் தேவை.

ஏன்?

லித்தியம் அயான் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். சுமார் 3 வோல்ட்தான் அதன் லட்சுமணக் கோடு. அதைத் தாண்டி ரொம்பவும் இறங்கினால், உள்ளே இருக்கும் மெல்லிய செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

வீடு பெருக்கும் ரோபோ, சார்ஜ் குறைந்தால் தானே சார்ஜருக்குத் திரும்பிவிடும். பள்ளி புராஜெக்ட்டுக்குப் பிள்ளைகள் செய்யும் ரோபோ காருக்கு அந்தப் புத்தியை நாம்தான் தர வேண்டும்.

* மொத்த வோல்ட்டேஜை மட்டும் நம்பாதீர்கள். 3 செல் பேட்டரி 9.9 வோல்ட் காட்டினால், செல்லுக்கு 3.3 என்று தோன்றும். இரண்டு செல் 3.7-லும், மூன்றாவது 2.5-லும் இருந்தாலும் அதே 9.9 தான்! ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் அலாரம் மாட்டுங்கள்.

* அலாரத்தை 3.5 வோல்ட்டில் வையுங்கள். மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். ஒரு நொடி 'பீப்' அடித்தால் பயம் வேண்டாம். தொடர்ந்து அடித்தால் உடனே நிறுத்துங்கள்.

* ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கார் நின்றிருந்தாலும், உள்ளே இருக்கும் போர்டு சொட்டுச் சொட்டாகக் கரண்ட்டைக் குடிக்கும்.

* பரீட்சை நேரத்தில் பரணில் வைப்பதாக இருந்தால், பாதி சார்ஜில் (செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்) வையுங்கள்.

உப்பிய பேட்டரியையும், அடியோடு இறங்கிப்போன பேட்டரியையும் மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம். குப்பைத்தொட்டியிலும் போடாமல், மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.