ஹைவே கேட்க முன்னர் வட்டையைப் பாருங்கள்

நீளமான பதிவு. பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

தேர்தல் மேடையிலும் தேநீர்க் கடையிலும் ஒரே கதைதான். "தெற்குக்கு ஹைவே, கட்டுநாயக்காவுக்கு ஹைவே, குருநாகலுக்கு ஹைவே. கிழக்கு மட்டும் என்ன பாவம் செய்தது? அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை ஏ4 வீதியை ஹைவே ஆக்குங்கள்." கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொழும்புக்கு இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து இடுப்பு நொந்தவர்கள்தான் நாங்களும். ஆனால் கேட்பது என்ன என்று விளங்கிக்கொண்டுதான் கேட்கிறோமா?

அகலமாக்கி கார்பட் போட்டால் அது ஹைவே ஆகிவிடாது. அதிவேக வீதி என்றால் இரண்டு பக்கமும் வேலி. குறுக்கே ஒருவரும் நடக்க முடியாது. ஓரத்தில் கடை இருக்காது. குறித்த இடங்களில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். 2011 இல் திறந்த தெற்கு அதிவேக வீதியில் வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எதற்கும் அனுமதி இல்லை. காலையில் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகளை இறக்கிவிடும் வாப்பாமாரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? எங்கள் ஊரின் வண்டிகளில் பெரும்பாலானவை ஏறவே முடியாத வீதியைத்தான் நாங்கள் கோஷம் போட்டுக் கேட்கிறோம்.

எங்கள் கரையோரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். அதிலேதான் ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. ஏ4 எங்களுக்கு வெறும் போக்குவரத்துப் பாதை இல்லை. அது சந்தை. ஜும்ஆவுக்குப் போகிறவரும் மையத்தைத் தூக்கிப் போகிறவர்களும் கடக்கிற தெரு. இரண்டு பக்கமும் பிள்ளைகள், இரண்டு பக்கமும் பாடசாலை.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மாட்டின்ஸ்வில்லிலிருந்து இந்தியானாபொலிஸ் வரை ஓடிய 37 ஆம் இலக்க மாநில வீதியை அவர்களுடைய 'இன்டர்ஸ்டேட்' தரத்துக்கு உயர்த்தி 2024 இல் திறந்தார்கள். சமிக்ஞை விளக்குச் சந்திகளை எடுத்துவிட்டார்கள். வீடுகளிலிருந்து நேரே வீதிக்கு ஏறும் வழிகளை மூடினார்கள். அதற்குப் பதிலாக மேம்பாலங்களும், ஊர்க்காரர் போய்வரப் பக்க வீதிகளும் கட்டினார்கள். அந்தப் பக்க வீதிக்கு இடம் வேண்டுமே! சாய்ந்தமருதில் எங்கே இருக்கிறது இடம்? அதே அமெரிக்காவில் சென் போல் நகரத்தின் ரொண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை 1950கள், 60களில் இன்டர்ஸ்டேட் 94 நடுவால் பிளந்துகொண்டு போனது. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. யாருடைய குரல் மேசைக்குப் போகவில்லையோ அவர்களுடைய வீட்டின் மேல்தான் கோடு விழுந்தது.

ஊருக்குள்ளால் முடியாதென்றால் பொறியியலாளர் கோட்டை மேற்கே தள்ளுவார். அங்கே என்ன இருக்கிறது? வட்டை. கரைவாகு வட்டையில் மார்கழியில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அம்பாறைப் பக்கத்து மழைத்தண்ணீர் முழுக்க எங்கள் வயல்களைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீருக்குக் குறுக்கே, வடக்குத் தெற்காகப் பல கிலோமீற்றர் நீளத்துக்கு மண் போட்டு உயர்த்திய வீதி என்றால் அது அணைக்கட்டு. மதகு போதாவிட்டால் மேற்குப் பக்கத்துப் போடியாரின் நெல் அழுகும். அணை உடைத்தால் கிழக்குப் பக்கத்து வீடு போகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் புரண்டு மத்ரஸாப் பிள்ளைகளை தண்ணீர் கொண்டுபோனது. வயலுக்குக் குறுக்கே போகிற வீதி அது. வெள்ளம் வந்தால் மூழ்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் கீழால் போக, பிள்ளைகள் மேலால் போக அங்கே ஒரு உயர்ந்த பாலம் இருந்திருந்தால் அந்த ஜனாஸாக்கள் இல்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. ஹைவேக்குக் கோஷம் போடும் எங்கள் பிரமுகர்களிடம் கேட்கிறோம்: நீங்கள் முதலில் கேட்க வேண்டிய வீதி எது?

"அபிவிருத்தியைத் தடுக்கிறார்கள் வாத்திமார்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும். 2013 இல் கொடி கட்டித் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்கும் இதே கைதட்டல்தான் கிடைத்தது. வாயிலை மண் மூடியது. கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டம் போனவர்கள் இன்றும் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள், கைதட்டியவர்கள்தான் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

தெற்கு அதிவேக வீதியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் காட்டிய பாதை பிறகு மாறியது. புதிய பாதையில் அகப்பட்டவர்களை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களைக் கேளாமல் விட்டது பிழை என்று 2004 இல் உயர் நீதிமன்றம் சொல்லி, நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. ஆனால் வீதி போட்ட கோட்டிலேயேதான் போனது. நீதி கிடைத்தது, காணி கிடைக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். எந்தத் திட்டம் வந்தாலும் கோடு கீற முன்னர் தண்ணீர் போகும் வழியை அளக்க வேண்டும். வட்டைக்குள் வீதி என்றால் மண் அணை வேண்டாம், தூண்களின் மேல் கொண்டுபோகட்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். ஏ4 ஏ4 ஆகவே இருக்கட்டும். அதற்கு நடைபாதையும், பாடசாலை முன்னால் பாதுகாப்பான கடவையும் போதும்.

10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயம். அந்த அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாட்கள் உண்டு. இப்படியான 30 நாட்கள் எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் கழிந்துபோவதுதான் வழக்கம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் விவசாய அமைப்புகளும் காரைதீவு கோயில்காரர்களும் சேர்ந்து ஒரு குழுவை இப்போதே போடுங்கள். தண்ணீருக்கு ஊர் பேதம் தெரியாது, வழக்குப் போடும்போது நாங்களும் பேதம் பார்க்கக் கூடாது. வயலுக்கு உறுதியோ பெர்மிட்டோ இருப்பவர்கள் அதைத் தேடி எடுத்து, எந்த வட்டை, எத்தனை ஏக்கர், வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். படம் கீறிச் சேர்த்துவைக்கும் வேலையை ஆசிரியர்கள் நாங்கள் செய்கிறோம்.