பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை கேமிங் பிசி ஆக்கலாமா? முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்க

1/
"டாக்டர், பையன் கேமிங் பிசி கேட்கிறான். வீட்ல இருக்கிற கம்ப்யூட்டர்லயே ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா போதுமா? இல்ல, புதுசா அசெம்பிள் பண்ணணுமா?"

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றது என் பொழுதுபோக்கு என்பது தெரிஞ்சவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பல ஆயிரம் ரூபாய் விஷயம். அதனால விரிவா எழுதுறேன்.

2/
என் கருத்து இதுதான்.

எஸ்எஸ்டி, ராம், கிராபிக்ஸ் கார்டு. இந்த மூணோட வேலை முடியும்னா தாராளமா அப்கிரேடு பண்ணுங்க.

எஸ்எம்பிஎஸ்ஸையோ மதர்போர்டையோ மாத்தணும்னு வந்துட்டா அங்கேயே நிறுத்திடுங்க. அந்தப் பணத்தைச் சேர்த்து வெச்சு அசெம்பிள் பண்ணுங்க.

3/
ஏன்?

நம்ம வீடுகள்ல இருக்கிற பிராண்டட் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் ஆபீஸ் வேலைக்காகச் செய்தவை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி. செகண்ட் ஹேண்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கும். உழைக்கிற மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் 300 வாட்டுக்குள்தான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கான தனி பவர் கேபிளே இருக்காது.

4/
இப்ப ஒரு சின்னக் கணக்கு.

மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட்.
6-பின் கேபிள் இன்னொரு 75 வாட்.
8-பின் கேபிள் 150 வாட்.

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்குத் தேவை 115 வாட். ஸ்லாட் மட்டும் பத்தாது.

ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி மாடலுக்கு 70 வாட் போதும். பெரும்பாலும் தனி கேபிள் கேட்காது. ஆபீஸ் மெஷினுக்கு ஏத்தது இந்த வகைதான். கேபினெட் ஒல்லியா இருந்தா 'லோ புரொஃபைல்' அளவு கேட்டு வாங்கணும்.

5/
"எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாத்திட்டா என்ன டாக்டர்?"

கடையில் கிடைக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 24-பின் கனெக்டர் இருக்கும். பல பிராண்டட் போர்டுகளில் அதைச் செருக இடமே கிடையாது. அவங்களுக்குன்னு தனி பின், தனி சைஸ். அப்ப போர்டை மாத்தணும். அந்தப் போர்டுக்காக கேபினெட்டையும் மாத்தணும். பழைய பிராசஸர் புது போர்டில் உட்காராது.

கடைசியில் பழசுல மிஞ்சுறது எஸ்எஸ்டி மட்டும்தான். இதுக்குப் பேர் அப்கிரேடா?

6/
இதைவிட எனக்குப் பயம் தர்ற விஷயம், மலிவான சாட்டா கன்வெர்ட்டர். ஹார்டு டிஸ்குக்குப் போற கேபிளை கிராபிக்ஸ் கார்டுக்கு மாத்தி விடுற சமாச்சாரம்.

சாட்டா கனெக்டர் 12 வோல்ட் லைனில் தாங்குவது 54 வாட். அதில் 75 வாட் வரை இழுக்கக்கூடிய கார்டை மாட்டினால் கனெக்டர் சூடாகி உருகலாம். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. குழந்தைகள் தூங்குற அறையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

7/
அடுத்தது விண்டோஸ்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவா 8-வது தலைமுறை பிராசஸராவது வேணும்.

ஐ5-6500ன்னு இருந்தா 6-வது தலைமுறை. ஐ5-8500ன்னு இருந்தா 8-வது.

கலர் லைட் போட்ட கேபினெட்டுக்குள் 6-வது தலைமுறையை வெச்சு "கேமிங் பிசி"ன்னு விற்கிறாங்க. லைட்டைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க.

8/
"அசெம்பிள் பண்ணினா செலவு அதிகம் சார்."

உண்மைதான். 2025 இறுதியில் ராம் விலையும் கடுமையா ஏறிச்சு.

ஆனால் எல்லாத்தையும் ஒரே நாளில் வாங்கணும்னு இல்லையே. நல்ல எஸ்எம்பிஎஸ், போர்டு, ரைசன் 5 8600ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசஸர். இதோட ஆரம்பிங்க. கார்டை அடுத்த வருஷம் வாங்கலாம். ஏஎம்5 சாக்கெட்டை 2027-ம் அதற்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவிச்சிருக்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி பில், தனி வாரண்டி. ஒண்ணு பழுதானா அதை மட்டும் மாத்தலாம்.

9/
பையன் என்ன விளையாடுறான்னும் கேளுங்க.

மைன்கிராஃப்ட், வேலரன்ட் மட்டும்னா நல்ல நிலையில் இருக்கிற ஆபீஸ் மெஷினில் ராமும் 75 வாட்டுக்குள்ள ஒரு கார்டும் போதும். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்னா அசெம்பிள்தான் சரி.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். எஸ்எஸ்டி போட்டா கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகும், கேம் சீக்கிரம் திறக்கும். விளையாட்டின் ஃபிரேம் ரேட் பெரிசா ஏறாது.

10/
எங்க தொழில்ல பரிசோதனை பண்ணாம மருந்து எழுத மாட்டோம். இங்கேயும் அதேதான். பிளக்கைக் கழட்டிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் லேபிளில் எத்தனை வாட், போர்டில் 24-பின் இருக்கா, பிராசஸர் எந்தத் தலைமுறைன்னு பையனையே எழுதச் சொல்லுங்க. அந்தச் சீட்டோட கடைக்குப் போங்க. யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

அப்புறம், எந்த பிசியா இருந்தாலும் ராத்திரி 10 மணிக்கு ஆஃப். இதுல மட்டும் நான் டாக்டராத்தான் பேசுறேன்.