விரைவான தோற்றமும் நிதானமான உழைப்பும்

தென் பிரான்ஸில் சீறி வீசும் வடகாற்றின் பெயரைத் தாங்கிய ‘மிஸ்த்ரால்’ என்னும் எழுத்துரு, மார்ஸேய் நகரத்து ஒலிவ் வார்ப்படசாலைக்காக ரோஜே எக்ஸ்கொஃபோன் என்ற கலைஞர் தம் கையெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு அமைக்க, 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவசரமாக யாரோ எழுதிவிட்டுப் போனது போன்ற அதன் தோற்றத்துக்குப் பின்னே மறைந்திருக்கும் சிரத்தையை உணர்ந்தவர்களே அதைத் தகுந்த இடத்தில் பிரயோகிக்க முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஈய அச்சிலே ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கட்டையாக நிற்பது. கூட்டெழுத்திலோ ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைத் தேடி ஓடுவது. இவ்விரண்டு சுபாவங்களையும் இசைவிக்க வேண்டுமானால், எந்தச் சிற்றெழுத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிற்றெழுத்து வந்து அமர்ந்தாலும் கோடு அறுபடாதபடி ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் வகுத்தாக வேண்டும். அந்தக் கணக்கைச் சரியாக முடித்ததோடு, மை வறண்ட தூரிகையின் சொரசொரப்பையும், வரியைத் தாண்டி ஏறியிறங்கும் கையின் துள்ளலையும் எக்ஸ்கொஃபோன் ஈயத்திலே நிலைநிறுத்தினார்.

பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருளோடு சேர்ந்து அது சாமானியர்களின் கணினிக்கும் வந்தபோது, சௌகரியம் பெருகியது. விவேகம் அவ்வளவாகப் பெருகவில்லை. பேரெழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்கினாலும், எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினாலும் இணைப்பு அறுந்து, அதன் ஜீவனே போய்விடுகிறது. பக்கம் பக்கமாக அச்சிட்டாலோ, ஒரே எழுத்து ஒரே வளைவோடு திரும்பத் திரும்ப வந்து, எந்தக் கையும் இப்படி எழுதாது என்பதைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை மாற்றி மாற்றி இடும் வசதி இக்காலத்து எழுத்துருக்கள் சிலவற்றில் உண்டென்றாலும், நெடுநேரம் வாசிப்பவரின் களைப்பை அது தீர்ப்பதில்லை.

இத்தகைய எழுத்துருக்கள் விளையாட்டுத்தனமானவை, கௌரவமான அச்சில் அவற்றுக்கு இடமில்லை என்று சிலர் ஒதுக்குவதையும் நான் ஏற்கவில்லை. உத்தரவும் அறிவிப்பும் நிறைந்த வீதியிலே, ஒரு சிறு கடையின் பெயர்ப்பலகையோ, விருந்துக்கு அழைக்கும் அட்டையோ, நாடகச் சுவரொட்டியின் தலைப்போ சிநேகபாவத்தோடு பேசுவது சமூகத்துக்கு நன்மையே. ஆனால், மருந்தின் அளவையும் மின்சார அபாயத்தையும் சட்ட நிபந்தனையையும் தெரிவிக்கும் இடங்களில், ஒவ்வோர் எழுத்தும் ஐயமின்றித் தெளிவாகத் தெரிய வேண்டிய கடமை இருப்பதால், அங்கே இந்த அழகைத் தவிர்ப்பதே தர்மம்.

ஆகையால், கணினியில் பக்கம் அமைக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள், எழுத்துருக்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டுவதற்கு முன்பாக, இந்த வாசகத்தை யார் யாருக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறார் என்று சிந்திக்கும் வழக்கத்தை மாணவர்களுக்கு முதற்பாடமாகப் புகட்ட வேண்டும்.