சுவர் வெடிப்பில் குடியிருக்கும் வியாதி

ஏழைக்கு வரும் வியாதியை விதி என்பார்கள். விதியல்ல, வீடு என்று காட்டிய விஞ்ஞானி ஒருவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பிரேசில் நாட்டு டாக்டர் கார்லோஸ் சாகாஸ், ரயில் பாதை போடும் தொழிலாளரை வாட்டிய மலேரியாவைத் தடுக்க 1907-ல் லாசான்ஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். ரயில் பெட்டி ஒன்றே அவருக்கு வீடும் ஆராய்ச்சிக்கூடமும்.

மண்குடிசைச் சுவர் வெடிப்புகளில் பகலெல்லாம் பதுங்கி, இரவில் தூங்குவோர் முகத்தில் ரத்தம் குடிக்கும் பூச்சியை அங்கே அவர் ஆராய்ந்தார். அதன் குடலில் ஒட்டுண்ணிக் கிருமி இருந்தது. 1909 ஏப்ரலில் இரண்டு வயதுச் சிறுமியின் ரத்தத்திலும் அதையே கண்டார். பல வருஷம் ஓசையின்றித் தங்கி, பலருடைய இருதயத்தைக் கெடுக்கும் கிருமி அது.

1922-ல் தலைநகர் வைத்திய அகாடமியில் சிலர் கேட்டார்கள்: இவ்வியாதி அவ்வளவு பரவியிருக்கிறதா? குடிசையில் படுத்துறங்காதவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்!

காட்டுப் பிராணிகளிடமும் கிருமி வாழ்வதால் அதை அடியோடு ஒழிக்க இயலாது. ஆனால் வீட்டிலிருந்து விரட்ட முடியும். அரசாங்கம் ஊர் ஊராக மருந்து தெளித்ததன் பலனாக, வீட்டில் வாழ்ந்த முக்கியப் பூச்சியினத்தால் நோய் பரவுவது நின்றதென 2006-ல் பிரேசில் சான்று பெற்றது.

மருந்து வேண்டும், மறுக்கவில்லை. அத்துடன் வெடிப்பில்லாத சுவரும் வேண்டும். அதுவும் வைத்தியமே என்கிறோம் நாம்.